வாசலுக்கு வெளியே போட்ட தரை

மாநகராட்சியிலிருந்து வந்த ஆய்வாளர் குந்தி உட்கார்ந்து, எங்கள் வாசலுக்கு முன்னால் இருந்த நடைபாதையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். தெரு முழுக்கச் சாம்பல் நிறக் கற்பலகைகளை வரிசையாகப் பதித்த நடைபாதை. எங்கள் வாசலுக்கு நேராக மட்டும் கல் கிடையாது, கதவடியில் போடும் மிதியடி அளவுக்கு ஒரு சிமென்ட் பூச்சு. சுற்றிலும் கற்கள் ஓரம் உடைந்து, முகம் பெயர்ந்து கிடக்க, அது மட்டும் ஏதோ வங்கிக்குள் இருக்கிற தரையைப் போலப் பளபளத்தது. மழை அப்போதுதான் விட்டிருந்தது. குனிந்திருந்தவரின் முகம் அதில் தெரிந்திருக்க வேண்டும், கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எங்க வேலை இல்லையே. யாரு போட்டது?" என்று நிமிர்ந்து பொதுவாகக் கேட்டார்.

தெருவில் இருந்த எல்லாருக்கும் சட்டென்று வேலை வந்துவிட்டது. எதிர்க்கடை சலூன்காரர் ஏற்கெனவே நுரை பூசியிருந்த கன்னத்துக்கு மறுபடியும் நுரை பூசினார். அம்மா இன்னும் காயாத துணிகளைக் கொடியிலிருந்து எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். ஆய்வாளர் எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, நாடாவை இழுத்து நீளம் அகலம் அளந்து, போனில் படம் எடுத்துக்கொண்டு போனார். கோபப்படவில்லை. இப்படிப்பட்ட தெருக்களை அவர் நிறையப் பார்த்திருப்பார்.

போட்டது என் அப்பா. அது தெருவில் தெரியாதவர் யாருமில்லை.

அப்பாவுக்குத் தரை போடுகிற வேலை. கூட வேலை செய்கிறவர்கள் அவரைக் கண்ணாடி மேஸ்திரி என்பார்கள். பூச்சைத் தேய்த்து வழுவழுப்பாக்குகிற இரும்புக் கரணையை அவர் பிடித்து இழுத்து முடித்த தரையில் குனிந்தால் தலையில் நரைத்த முடியை எண்ணலாம் என்று ஒரு பேச்சு. ஆஸ்பத்திரி நடைகள், நகைக்கடைகள், பெரிய வீடுகளின் கூடங்கள் என்று எல்லாமே கூரைக்குக் கீழே செய்த வேலைகள்தான். யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றியதும் அவருடைய பாதம் தானாகவே தரையைத் தேய்த்துப் பார்க்கும். தன்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கும் தன் முகத்தைப் பார்க்கவில்லை, தன் வீட்டுத் தரையைப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றார் என்று அம்மா இன்றுவரை சொல்லிக்காட்டுவாள்.

அந்த இடத்தில் முன்பு ஒரு பள்ளம் இருந்தது. குழாய் மாற்றுவதற்காக மாநகராட்சி ஆட்கள் கல்லைப் பெயர்த்தார்கள். வேலை முடிந்ததும் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, கல்லை அப்புறம் வந்து பதிக்கிறோம் என்று போனார்கள். முதல் மழைக்கே மண் உள்ளே இறங்கியது. தண்ணீர் தேங்கினால் பள்ளம் இருப்பதே தெரியாது. தபால்காரர் அதில் காலை விட்டார். சலூனுக்கு வந்த ஒருவர் பாதி வழியில் விழுந்து, முடி வெட்டிக்கொள்ளாமலே நொண்டிக்கொண்டு திரும்பிப் போனார். அம்மா மாநகராட்சிக்குப் போன் செய்து புகார் சொன்னாள். பதிவாகிவிட்டது என்றார்கள். மறுபடி செய்தாள். ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா தன் வேலையில் மிஞ்சிய சிமென்டையும் மணலையும் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தார். அடியில் ஜல்லி போட்டு இடித்து, மேலே கலவை பரப்பி, மட்டம் பார்த்து, சிமென்டுப் பால் ஊற்றி, சாயங்காலம் வரைக்கும் முட்டி போட்டு உட்கார்ந்து கரணையால் இழுத்துக்கொண்டே இருந்தார். ஊருக்குப் போடுகிற தரைக்கு என்ன இவ்வளவு மினுக்கு என்று சலூன்காரர் கேட்டதற்கு, என் கை போடற தரை எங்கே இருந்தா என்ன என்றார். மறுநாள் தெருவே வந்து பார்த்தது. இனிமே என் கடைக்குக் கண்ணாடி வாங்க வேண்டாம், வெளிய உட்கார வச்சே வெட்டிடலாம் என்றார் சலூன்காரர்.

அந்தத் தரையில்தான் மாடி அத்தை வழுக்கி விழுந்தாள்.

மாடி அத்தை எங்களுக்குச் சொந்தமில்லை. எங்கள் தலைக்கு மேல் குடியிருக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் அப்பாவை அண்ணே என்பாள், அம்மாவை அண்ணி என்பாள், அதனால் எனக்கு அத்தை. பேக்கரியில் மாவு பிசைகிற வேலை. மெஷினில் பிசைந்து வருகிற மாவைக் கையில் வாங்கி, மடித்து, அடித்து, துண்டு போட்டு உருட்ட வேண்டும். அவள் கை பட்ட ரொட்டிதான் உப்பும் என்று பேக்கரி முதலாளியே சொல்வாராம். புருஷன் இல்லை. மகள் வெளியூரில் நர்சிங் படிக்கிறாள். அத்தை விடிவதற்கு முன்பே வேலைக்குக் கிளம்பிவிடுவாள். அன்றைக்குத் தூறிக்கொண்டிருந்தது. வெளியே ஒரு பாத்திரம் உருண்டு போகிற சத்தம் கேட்டுத்தான் நாங்கள் எழுந்தோம். அவள் கத்தவே இல்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வலது கையை இடது கையால் ஒரு குழந்தையைப் போல ஏந்திக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு எலும்பு உடைந்து இடம் மாறியிருந்தது. உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். விரல்கள் பழையபடி மடங்குவதற்கு இன்னொரு ஆபரேஷன் வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். பேக்கரியில் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கிறோம் என்றார்கள். அந்தக் கொஞ்ச நாள் எத்தனை நாள் என்று சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்தை நிறுத்தியதிலிருந்து நான் வீட்டோடுதான் இருக்கிறேன். அதனால் அத்தையின் வலது கை நான் ஆனேன். காலையில் மாடிக்குப் போய்த் தலை வாரிப் பின்னிவிடுவேன், ரவிக்கைக்கு ஊக்கு மாட்டிவிடுவேன், காய் நறுக்கிக் கொடுப்பேன். நான் அதிகம் வாயைத் திறக்காதவள் என்பதால் என் முன்னால் எல்லாரும் எதையும் பேசுவார்கள். சுவருக்கு முன்னால் பேசுவது மாதிரி.

வக்கீலம்மா முதல் தடவை வந்தபோதும் நான் சீப்போடு அத்தையின் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன். ஏழைகளுக்குப் பணம் வாங்காமல் வழக்குப் பார்க்கிற அலுவலகத்திலிருந்து வந்திருந்தாள். சின்ன வயசு. மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியது. எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னாள். நடைபாதையைப் பார்த்துக்கொள்வது மாநகராட்சியின் பொறுப்பு. பள்ளம் இருப்பது தெரிந்தும் அவர்கள் சும்மா இருந்தார்கள் என்று காட்டினால் நஷ்ட ஈடு கேட்கலாம். ஆனால் அத்தை விழுந்தது பள்ளத்தில் இல்லை, யாரோ போட்ட சிமென்டின் மேல். போட்டவனைப் போய்க் கேள் என்று அவர்கள் கையை விரித்துவிடுவார்கள். போட்டவரே வந்து, நீங்கள் மூடாமல் விட்டதால்தான் நான் மூடினேன் என்று சொன்னால்தான் வழக்கு நிற்கும்.

"அப்படிச் சொன்னா அவருக்கு ஒண்ணும் வராதா?" என்று அத்தை கேட்டாள்.

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். வரலாம் என்றாள். அனுமதி இல்லாமல் பொது இடத்தில் கை வைத்ததற்கு மாநகராட்சி அவர்மேல் திரும்பலாம். பொறுப்பில் ஒரு பங்கு அவர் தலையிலும் விழலாம்.

என் விரலில் அத்தையின் பின்னல் பாதியில் நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"யாரு போட்டாங்கன்னு எனக்குத் தெரியாதும்மா. நான் இருட்டுல போய் இருட்டுல வர்றவ" என்றாள்.

வக்கீலம்மா என்னைப் பார்த்தாள். நான் பின்னலைப் பார்த்தேன்.

கீழே எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு வேறு மாதிரி நடந்துகொண்டிருந்தது. அத்தையின் செருப்பு தேய்ந்துபோன செருப்பு என்று அம்மா ஆரம்பித்துவைத்தாள். அடிப்பக்கம் அப்பளம் மாதிரி இருந்ததைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகச் சொன்னாள். அத்தைமேல் அவளுக்கு எந்த வருத்தமும் கிடையாது. மூன்று வேளையும் மாடிக்குச் சாப்பாடு அனுப்பியது அவள்தான். ஆனால் அப்பாவுக்கு ஒன்று வந்தால் எங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்ற பயம். அந்தப் பயம் செருப்பைப் பிடித்துக்கொண்டது. அப்பாவும் அதைக் கேட்டுக்கேட்டு நம்ப ஆரம்பித்திருந்தார். ஆமா, செருப்புத்தான் என்பார். அப்படிச் சொன்ன நாட்களில் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

நான் அவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. அவருக்குச் சாப்பாடு வைத்துக்கொண்டிருந்தேன், அது பாட்டுக்கு வாயிலிருந்து வந்துவிட்டது. யார் போட்டதென்று தெரியாது என்று அத்தை வக்கீலிடம் சொல்லிவிட்டாள் என்றேன். அப்பா தட்டைப் பார்த்தபடியே இருந்தார். கையைக் கழுவிக்கொண்டு எழுந்து, ஒரு வாளித் தண்ணீரை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. தண்ணீரை அந்தத் தரைமேல் ஊற்றினார். வாசலில் கிடந்த என் செருப்பைப் பார்த்தார், புதுச்செருப்பு, அடியில் பல் பல்லாக இருக்கும். கேட்காமலே அதில் பாதி பாதத்தை நுழைத்துக்கொண்டு ஒரு எட்டு வைத்தார். வேலைக்குப் போகிற அவசரத்தில் வைக்கிற எட்டு மாதிரி. அவ்வளவுதான், கால் முன்னால் பறந்தது. வாளியைப் பார்த்துவிட்டுத் தெருவைத் தாண்டி வந்திருந்த சலூன்காரர் கக்கத்தில் கை கொடுத்துப் பிடிக்காவிட்டால் அப்பாவின் மண்டை உடைந்திருக்கும்.

"என்ன மேஸ்திரி, உன் வேலையில நீயே சறுக்கறே?" என்றார் சலூன்காரர், பயத்தை மறைக்கிற சிரிப்போடு.

அப்பா சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து, ஈரத்தின்மேல் உள்ளங்கையை வைத்து முன்னும் பின்னும் இழுத்தார். ஆய்வாளர் தடவியதை நான் பார்த்திருக்கிறேன். இது அப்படி இல்லை. காய்ச்சல் அடிக்கிற பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி இருந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன். என்னிடம் சொல்கிற மாதிரியும் இல்லாமல், தனக்கே சொல்கிற மாதிரியும் இல்லாமல் மெதுவாகப் பேசினார்.

"வெளித்தரைக்குக் கரணை காட்டக் கூடாது. ஈரமா இருக்கும்போதே தொடப்பத்தால ஒரு இழுப்பு இழுத்து, சொரசொரன்னு விடணும். கத்துக்க வந்த பையன்கூடச் சொல்லுவான். எனக்குத் தோணவே இல்ல பாரு. அழகா இருக்கணும்னுதான் தோணுச்சு."

அம்மா வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அதற்குப் பிறகு செருப்பு என்ற வார்த்தை எங்கள் வீட்டில் வரவில்லை. ஆனால் வக்கீலம்மா கொடுத்த மனுவுக்காக மாநகராட்சி வைத்த விசாரணைக்கு முதல் நாள் அவருக்கு எதிரில் போய் உட்கார்ந்தாள். அவளே தெரியாதுன்னு சொல்லிட்டா, நீங்க எதுக்குப் போய்த் தலையக் குடுக்கறீங்க, நாளைக்கு நம்ம தலையில விடிஞ்சா இவளுக்கு என்ன வழி என்று என்னைக் காட்டிக் கேட்டாள். அப்பா சலவைச் சட்டை ஒன்றை எடுத்து ஆணியில் மாட்டிவைத்தார். அதைப் பார்த்ததும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டாள்.

விசாரணை மாநகராட்சிக் கட்டடத்தில், ஒரு நீளமான மேஜை போட்ட அறையில் நடந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு வயதான அதிகாரி, பக்கத்தில் குறிப்பெடுக்கிற ஒரு பெண், ஓரத்தில் எங்கள் தெருவுக்கு வந்த அதே ஆய்வாளர். இந்தப் பக்கம் அத்தை, வக்கீலம்மா, அத்தையின் பையைத் தூக்கிக்கொண்டு நான். ஆய்வாளர் படங்களை மேஜையில் பரப்பி, அந்தச் சிமென்ட் மாநகராட்சி போட்டதில்லை, போட்ட ஆள் யாரென்று தெருவில் ஒருவரும் சொல்லவில்லை என்றார். அவர் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. வக்கீலம்மா அம்மாவின் புகார்களைப் பற்றிச் சொன்னாள். அது பள்ளத்தைப் பற்றிய புகார், இவங்க விழுந்தது பள்ளத்தில் இல்லையே என்றார் வயதான அதிகாரி. அவர் குரலில் வேண்டாவெறுப்பு இல்லை. உண்மையிலேயே சிக்கலை அவிழ்க்கப் பார்க்கிறவர் போலத்தான் இருந்தார்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு அப்பா உள்ளே வந்தார். சலவைச் சட்டை போட்டிருந்தார். வந்த வேகத்தில் நின்று, ஒரு கணம் குனிந்து அந்த அறையின் தரையைப் பார்த்தார். அப்புறம்தான் மனிதர்களைப் பார்த்தார்.

"நான்தான் சார் போட்டேன்" என்றார்.

அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். வக்கீலம்மா நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, பள்ளம் எவ்வளவு நாளாக இருந்தது, யார் தோண்டியது, எதனால் மூடினீர்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுத்தாள். அப்பா எல்லாவற்றுக்கும் ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு, ஒவ்வொரு முறையும் கரணைக்கே திரும்பி வந்தார். தப்பு கலவையில் இல்லை, மட்டத்தில் இல்லை, மேல்பூச்சில்தான் என்றார். சொரசொரப்பாக விட்டிருந்தால் அந்தப் பெண் விழுந்திருக்கமாட்டாள் என்றார். வக்கீலம்மா அவரைப் பள்ளத்துக்கு இழுத்தாள், அவர் பூச்சுக்கு வந்தார். அவள் மறுபடி இழுத்தாள், அவர் மறுபடி வந்தார். குறிப்பெடுத்த பெண் எதை எழுதுவது என்று தெரியாமல் பேனாவைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தாள். மூடுவதற்கு அனுமதி வாங்கினீங்களா என்று ஆய்வாளர் கேட்டார். இல்ல சார் என்றார் அப்பா. கேட்கணும்னே தெரியல என்றார்.

"அண்ணே, போதும், உக்காருங்க."

அத்தையின் குரல் அவ்வளவு கடுமையாக இருந்து நான் கேட்டதில்லை. அப்பா உட்கார்ந்தார். அத்தை கட்டுப்போட்ட கையை மேஜைமேல் தூக்கிவைத்தாள். அது அந்தப் படங்களின் மேல் கனமாக உட்கார்ந்தது.

"தெரியாதுன்னு இந்த வக்கீலம்மாகிட்ட நான் சொன்னது பொய் சார். யாரு போட்டதுன்னு எனக்குத் தெரியும். எதுக்குப் போட்டாருன்னும் தெரியும். அந்தப் பள்ளத்துல நான் ஒரு தடவ விழுந்தேன். கால் பிசகிருச்சு. சின்ன அடிதானேன்னு யாருகிட்டயும் சொல்லல. சொன்னா வேலைக்கு வராதன்னுடுவாங்க. இவரு மட்டும் நான் நொண்டறதப் பாத்துட்டாரு. எதுவும் கேக்கல. அந்த ஞாயித்துக்கிழமையே மூடிட்டாரு." கொஞ்சம் நிறுத்தி மூச்சு விட்டாள். "நீங்க மூடியிருந்தீங்கன்னா நல்லா மூடியிருப்பீங்க சார். அது உங்க வேலை. இது இவரு வேலை இல்ல. அதான் இவருக்குத் தெரியல."

வயதான அதிகாரி ஒரு படத்தை அத்தையின் கைக்கு அடியிலிருந்து மெதுவாக, அவளுக்கு வலிக்காமல், உருவி எடுத்துப் பார்த்தார். முடிவை யோசித்துச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார். அதற்கு முன்னால், அந்தச் சிமென்ட் அங்கே இருக்கக் கூடாது, எடுத்துவிடுவார்கள் என்றார். குடியிருக்கிறவர்கள் யாரும் இனிமேல் நடைபாதையில் கை வைக்கக் கூடாது என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார். சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

திரும்பி வருகிற வழியில் அத்தை அப்பாவோடு பேசவில்லை. அவர் இரண்டு எட்டு பின்னால் வந்தார். யாரு உங்கள வரச் சொன்னா என்று எங்கள் வாசலில் நின்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு மாடியேறிப் போய்விட்டாள். அம்மா அவருக்குச் சாப்பாடு வைத்தாள். அப்பாவுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கியது.

அதற்கு அடுத்த வாரம் மாநகராட்சி வண்டி வந்தது. சிமென்ட் லேசில் உடையவில்லை. துளை போடுகிற மெஷினை வைத்துக் காலையெல்லாம் அதிரவிட்டார்கள், எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் அலமாரியில் ஆடின. நல்லாத்தான் போட்டிருக்கான் பாவி என்று மெஷின் பிடித்தவர் சொன்னது எங்கள் வீட்டுக்குள் கேட்டது. அப்பா வேலைக்குப் போகாமல் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். துண்டுகளை வண்டியில் அள்ளிக்கொண்டு, பள்ளத்தைச் சுற்றி இரண்டு குச்சி நட்டு சிவப்பு நாடா கட்டிவிட்டு, கல்லை அப்புறம் வந்து பதிக்கிறோம் என்று போனார்கள். மத்தியானக் காற்றில் நாடா அறுந்து சலூன் பலகையில் போய்ச் சுற்றிக்கொண்டது.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் ஓடிவருகிற நேரம். அப்பா வாசற்படிக்கு வந்து உட்கார்ந்து பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது கிட்டே வந்தால் பாதி எழுந்து, அவர்கள் தாண்டிப் போனதும் உட்கார்ந்தார். அம்மா இதைக் கொஞ்ச நேரம் உள்ளேயிருந்து பார்த்தாள். பிறகு கூடத்தில் கிடந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, நாலு காலும் பள்ளத்தைச் சுற்றி நிற்கிற மாதிரி நடைபாதையில் வைத்தாள். கை வைக்கக் கூடாதுன்னுதானே சொன்னாங்க, நாற்காலி வைக்கக் கூடாதுன்னு சொல்லலையே என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த அத்தை அப்போதுதான் திரும்பி வந்தாள். கட்டைப் பிரித்திருந்தார்கள். கை வெளுத்து, மெலிந்து, வேறு யாருடைய கையோ போல இருந்தது. நாற்காலியைப் பார்த்தாள். அதற்கு அடியில் இருந்ததைப் பார்த்தாள். வாசற்படியில் இருந்த அப்பாவைப் பார்த்தாள். மாடிக்குப் போகவில்லை. பையை என்னிடம் கொடுத்துவிட்டு, அந்த நாற்காலியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

ஆட்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒரு பையன் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனான். அத்தை வலது கையை மடியில் மல்லாக்க வைத்து, டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி விரல்களை ஒவ்வொன்றாக மடக்க ஆரம்பித்தாள். சுண்டுவிரல் வந்தது. மோதிரவிரல் பாதி வந்தது. நடுவிரல் நடுங்கிக்கொண்டே நின்றுவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு விரித்தாள், மறுபடி மடக்கினாள். வாசற்படியில் அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முழங்காலின் மேல் கிடந்த அவருடைய வலது கையும், அவருக்குத் தெரியாமலே, கூடவே மெதுவாக மடங்கி, மெதுவாக விரிந்துகொண்டிருந்தது.